அரை மில்லிமீட்டரில் ஒரு குடும்பம்

பிப்ரவரி 6, வியாழன். நேற்றைய குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. காயில்காரம்மா வீட்டின் உள்ளளவு, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை, 10.10 மீட்டர் என்று எழுதியிருக்கிறேன். டேப்பின் நுனி தேய்ந்துபோனதால் பத்து சென்டிமீட்டர் குறியைச் சுவரில் வைத்துப் பிடித்தேன். பிறகு அந்தப் பத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். இன்று மதியம் திரும்பப் போய் அளந்தேன். சரியான அளவு 10.00. பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லை என்று எங்கள் நகராட்சி வரைவாளர் பிரிவில் சொன்னார்கள். அந்தப் பின்சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் அடுத்த பட்டறையின் லேத்காரர் வேலை செய்கிறார். என் அளவின்படி கோடு போட்டிருந்தால் ஓடும் இயந்திரத்தின் முன்னால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். அதனால் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதி வைக்கிறேன். எங்காவது தேதி பிசகியிருந்தால் தவறு என்னுடையது.

அந்த வீட்டில் முன்சுவரை ஒட்டிய இரண்டு மீட்டரைத் தவிர வேறெங்கும் மூன்று ஆண்டுகளாக யாருக்கும் தூக்கம் வந்ததில்லை, தண்ணீர் கொதித்ததுமில்லை.

இந்த ஊரில் நகராட்சித் தீர்மானங்கள் மறுநாள் காலை ஆறு மணிக்குத் தாமாகவே நடந்துவிடும். எந்த ஆண்டிலிருந்து என்று பதிவேட்டில் தேடினேன், கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் நாய்கள் குரைக்கக்கூடாது என்று முடிவெடுத்த மறுநாள், அங்கிருந்த நாய்கள் வாயைத் திறந்து திறந்து மூடின, சத்தம் வரவில்லை. தெருமுனையைத் தாண்டிப் போய் மிச்சத்தைக் குரைத்துவிட்டுத் திரும்பி வந்தன. பாலத்துச் சரிவில் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றான பிறகு பிரேக் அறுந்த சைக்கிளும் அங்கே இருபதில்தான் இறங்குகிறது. அபராதம் வசூலிக்கும் பிரிவில் வேலையில்லாமல் போனதால் அங்கிருந்த நான்கு பேரைப் பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்ற மாற்றினார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் ஆச்சரியப்படுவார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் தீர்மான நகலைப் படித்துவிட்டுத்தான் வாடகைக்கு வீடு தேடுவார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. முதலாவது வீட்டுப் பராமரிப்பு விதி. முற்றத்துப் புல் ஆறு அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது, வெளிச்சுவரில் சாயம் உரியக்கூடாது, தெருவைப் பார்த்த முகப்பில் வீட்டுச் சாமான் எதையும் வைக்கக்கூடாது. மறுநாள் காலை ஊர் முழுக்கப் புல் ஆறு அங்குலத்தில் நின்றது. உரிந்து தொங்கிய சாயம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. முகப்பில் கிடந்த உடைந்த நாற்காலிகளும் பழைய டயர்களும் வாசல் வழியாக வீட்டுக்குள் போயின. ஊர் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டாவது தீர்மானம் மண்டலப் பிரிப்பு. ஊரைக் குடியிருப்பு, தொழில் என்று இரண்டாக்கும் கோடு அது. மண்டலத் தீர்மானம் மட்டும் வரைபடத்தில் கையெழுத்தான மறுநாள் காலையில் நடைமுறைக்கு வரும்.

அந்தக் கோட்டை வரைந்தது நான். வேலையில் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். பட்டறைத் தெருவின் கிழக்கு வரிசையில் இருக்கும் பதினோரு வீடுகளின் முன்சுவரை ஒட்டிக் கோடு போக வேண்டும். தெரு குடியிருப்பு மண்டலத்தில், வீடுகள் தொழில் மண்டலத்தில். அந்த வரிசையில் எல்லாரும் ஏதோ ஒரு தொழில் செய்பவர்கள் என்பதால் அப்படி முடிவானது. அவர்கள் அங்கேயே படுத்து எழுந்திருப்பவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அன்று காலை கடினப் பென்சில் மூன்றும் மொட்டையாகி இருந்தன. மென்மையான பென்சிலை எடுத்து, ஸ்கேலைத் தெருப் பக்கமாக வைத்து இழுத்தேன். தடிமன் முழுவதும் வீடுகளின் பக்கம் விழுந்தது. கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். எங்கள் வரைபடம் ஒன்றுக்கு நாலாயிரம் அளவில் உள்ளது. அதில் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் இரண்டு மீட்டர். இந்தக் கணக்கு நான் படித்த மாலை வகுப்பில் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது.

வரிசையில் ஏழாவது வீடு காயில்காரம்மாவுடையது. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி மறுபடி ஓட வைப்பது அவர் தொழில். ஊரில் தண்ணீர் ஏற்றும் பம்புகளில் பாதி அவர் கையால் ஒருமுறையாவது சுற்றப்பட்டவை. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மாமனார் எடைமேடையில் முப்பது ஆண்டு லாரிகளை நிறுத்து எழுதியவர், இப்போது இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு இருப்பவர்.

கோடு நடைமுறைக்கு வந்த அன்று காலை அடுப்பில் வைத்த தண்ணீர் மத்தியானம் வரை வைத்தபடியே இருந்தது. அடுப்பு எரிந்தது, கேஸ் தீர்ந்தது, தண்ணீர் மட்டும் குளிர்ந்தே கிடந்தது. குளிக்கத் திறந்தால் குழாயில் சொட்டு வரவில்லை. மோட்டார் மூடியைக் கழுவத் திறந்தால் கொட்டியது. அன்றிலிருந்து ஓட்டுநர் ஒரு கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு குளித்தார். தூக்கத்தை அப்படி ஏமாற்ற முடியவில்லை. மாமனார் இரண்டு இரவு ஸ்பேனரைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தார், கழுத்து வலிதான் மிச்சம். ஓட்டுநர் முகப்பில் பாய் விரித்துப் படுத்தார். முகப்பு குடியிருப்பு மண்டலம், அங்கே தூக்கம் வரும். ஆனால் பராமரிப்பு விதி இருக்கிறது. கண்ணை மூடிய ஐந்தாவது நிமிடம் பாய் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசல்படி ஏறி உள்ளே போனது. மாதம் முடிவதற்குள் மற்ற பத்து வீட்டுக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். அந்த வீடுகள் கிடங்குகளாயின.

பதினைந்தாவது நாள் மத்தியானம், வாசலருகே நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்த மாமனார் குறட்டை விட்டார். காயில்காரம்மா கம்பியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். அவர் மாமனாரை எழுப்பவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தோடு தரையில் வைத்து, விரற்கடை விரற்கடையாக நகர்த்திக்கொண்டே போனார். தண்ணீர் கொதிக்கும் இடம் எது, கொதி அடங்கும் இடம் எது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறித்தார். சாயங்காலத்துக்குள் தரையில் ஒரு நேர்கோடு கிடைத்தது. முன்சுவரிலிருந்து அதுவரை இரண்டு மீட்டர். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"எங்க வீட்டுல வாசலை ஒட்டி ஆறு ஆறரை அடிக்கு உங்க படத்துல என்ன போட்டிருக்கீங்க?"

படத்தை விரித்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லீங்க. கோடு மட்டும்தான்."

"கோடுன்னா?"

"மண்டலக் கோடு. இந்தப் பக்கம் குடியிருப்பு, அந்தப் பக்கம் தொழில்."

"நடுவுல?"

படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் குனிந்து, சுண்ணாம்பு ஒட்டிய விரலைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ள எந்தச் சட்டமும் எட்டலை. சரி, போதும். நாங்க இதுலயே இருந்துக்கறோம்." போகும்போது திரும்பி, "கோடு போட்டது யாரும்மா?" என்றார். நான்தான் என்றேன். "கை கொஞ்சம் அழுத்தம் போல. நல்லது," என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மூன்று ஆண்டுகள் மூவரும் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்தார்கள். மூன்று கட்டில், அடுப்பு, துணிக்கொடி, தண்ணீர்க் குடம், எல்லாம் இரண்டு மீட்டருக்குள். வீட்டின் மீதி எட்டு மீட்டரில் மோட்டார்கள். ஓட்டுநர் உயரமானவர், தூக்கத்தில் புரண்டால் பாதம் கோட்டுக்கு வெளியே போய்விடும். வெளியே போன பாதம் தூங்காது. விடிய விடிய பிரேக்கையும் கிளட்சையும் மிதித்துக்கொண்டிருக்கும். "என் பையன் இங்க படுத்திருக்கான், அவன் காலு டூட்டிக்குப் போயிருக்கு," என்பார் மாமனார். அந்த மூன்று ஆண்டில் காயில்காரம்மா இருநூற்று அறுபது மோட்டார்கள் கட்டினார். மாமனாருக்கு எழுபத்தைந்து முடிந்தது. ஓட்டுநரின் தங்கை வீட்டு மாடி இரண்டு முறை காலியானது, இரண்டு முறையும் அவர்கள் போகவில்லை.

இந்த ஆண்டு ஜனவரி முதல் வாரம் புதிய நகரமைப்பு அலுவலர் வந்தார். சுத்தமான மனிதர், பேனா மூடியைக்கூடத் துடைத்துத்தான் மூடுவார். வரைபடத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இது கோடா, வாய்க்காலா?" என்று கேட்டுவிட்டு, மெல்லிய மைப்பேனாவால் திருத்தி வரையச் சொன்னார். மயிரிழை போல வரைந்தால் தரையில் அது ஒரு சாண்கூட வராது. அந்த வீட்டில் தூங்க இடமே இருக்காது என்று சொன்னேன். "யாராவது ஆட்சேபிச்சா பார்த்துக்கலாம்," என்றார். விதிப்படி முப்பது நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

காயில்காரம்மா கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது எண்ணிக்கையை விடமாட்டார், பேச்சு அதற்கு நடுவில்தான். ஓட்டுநர் அறிவிப்பைச் சத்தமாகப் படித்தார்.

"இங்க பாரு, போதும். தங்கச்சி மாடி மறுபடி காலியாத்தான் இருக்கு. இந்தத் தடவை கிளம்பிடலாம்."

"நூத்தி நாப்பது. அங்க மோட்டார் கட்ட விடுவாங்களா?"

"அது குடியிருப்பு மண்டலம். சுத்தற கம்பி நிக்காது, அவுந்துடும். நீ கொஞ்ச நாள் சும்மா இரேன்."

"நூத்தி நாப்பத்தாறு. நீங்க கொஞ்ச நாள் பஸ்ஸை ஓட்டாம சும்மா இருக்கீங்களா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசற? எனக்கு நாப்பத்தெட்டு வயசாகுது. ஒரு நாள் காலை நீட்டித் தூங்கணும்னு இருக்கு."

காயில்காரம்மாவின் கை நின்றது. நான் பார்த்து அவர் எண்ணிக்கையை விட்டது அந்த ஒரு முறைதான். "நீட்டித் தூங்குவீங்க. இந்த வீட்டுலயே," என்றார். பிறகு சுற்றியதை முழுதும் பிரித்து, ஒன்றிலிருந்து தொடங்கினார்.

ஆட்சேபணை மனுவை அவரே எழுதினார். கோட்டை மெல்லியதாக்கக்கூடாது என்று எழுதியிருப்பார் என நினைத்தேன். அதைத் தடியாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை பத்து மீட்டர், எனவே கோடு இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கீழே கணக்கும் போட்டிருந்தார். சரிபார்த்தேன். கணக்கு சரி.

ஆட்சேபணை வந்தால் உறுப்பினர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பிற்பகல் ஒன்பது உறுப்பினர்களும் அலுவலரும் வந்தார்கள். இரண்டு மீட்டருக்குள் மூன்று கட்டிலோடு பத்துப் பேர் நிற்க இடமில்லாததால் நான்கு பேர் மோட்டார்களுக்கு நடுவில் நின்றார்கள். அலுவலர் பொறுமையாகவே விளக்கினார்.

"ஐயா, கோடுங்கறது ஒரு எல்லை. அதுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. அகலம் இல்லாத இடத்துல யாரும் குடியிருக்க முடியாது."

மாமனார் கட்டிலில் படுத்தபடி அவரைப் பார்த்தார். "அப்படியா தம்பி? அப்ப நான் எங்க படுத்திருக்கேன்?"

அலுவலர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். வெளியே போய் முன்சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். இதற்குள் நகராட்சித் தலைவி ஓட்டுநரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, தூங்கிப்போயிருந்தார். மருந்து போட்டும் வராத தூக்கம் அவருக்கு என்பது ஊருக்கே தெரியும். யாரும் எழுப்பவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் எல்லாரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். காயில்காரம்மா பின்னால் போய் வேலையைத் தொடர்ந்தார். அலுவலர் நேர்மையானவர் என்பதை எழுதத்தான் வேண்டும். அன்றைய ஆய்வுக் குறிப்பில், "கோட்டுக்கு அகலம் உள்ளது. அதில் மூவர் வசிக்கின்றனர்" என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அகலம் உண்டு என்று பதிவான பிறகு அது எவ்வளவு என்று மன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நேற்று முன்தினம், செவ்வாய், மாலை நான்கு மணிக் கூட்டத்தில் ஏழாவது பொருளாக வந்தது. தகரக்கடை நடத்தும் உறுப்பினர் தொடங்கினார்.

"இப்ப இருக்கறது அரை மில்லி. சரி, பாவம், ஒரு மில்லி குடுத்துடலாம்."

"ரெண்டரை," என்றார் காயில்காரம்மா.

"ஒரேயடியா ரெண்டரை கேட்டா எப்படிம்மா? ஒண்ணரை வாங்கிக்கோங்க. மிச்ச இடத்துலதான் மோட்டார் ஓடுதே, அப்புறம் என்ன?"

"என் வீட்டுல நான் எங்க உட்கார்ந்தாலும் எனக்குக் கொட்டாவி வரணும்ங்க. ரெண்டரை."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு என்றார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டேகால் என்றார்கள். அடுப்படியிலும் குளியலறையிலும் கோடு பாதிதான் விழும் என்று அவர் சொன்னார். தகரக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தம்மாவுக்குக் குடுத்தா நாளைக்குப் பக்கத்துத் தெரு கேட்கும். அதுக்கடுத்த தெரு கேட்கும். தடியாக்கிட்டே போனா ஊரே கோட்டுக்குள்ள வந்துடும்."

"வந்தா என்னங்க? வேலை செய்வாங்க, தூங்குவாங்க. வேற என்ன பண்ணப் போறாங்க?"

பிறகு வாக்கெடுப்பு. ஐந்துக்கு நான்கு. தலைவியின் வாக்கு ஐந்தில் ஒன்று. கோடு இரண்டரை மில்லிமீட்டர் என்றும், பின்சுவரைத் தாண்டி ஒரு நூல்கூடப் போகக்கூடாது என்றும் தீர்மானம். பட்டியலில் அடுத்து இருந்தது குப்பைத் தொட்டிகளின் மூடி. நேரே அதற்குப் போனார்கள்.

இன்று மறு அளவுக்குப் போனபோது தெருவில் ஏற்கெனவே மாற்றம் தெரிந்தது. வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர்கள் தங்கள் கிடங்கைப் பார்க்க வந்து, எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சொத்துவரிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, கோட்டுக்குள் இருக்கும் வீட்டை எந்த இனத்தில் எழுதுவது என்று என்னைக் கேட்டார். கோடு என்றே எழுதச் சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். காயில்காரம்மா ஒரு பம்பு மோட்டார் கட்டிக்கொண்டிருந்தார். எண்ணிக்கையை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைத்தார். மாமனாரின் கட்டிலைக் காணவில்லை. பின்சுவரோரம், மோட்டார்களை ஒதுக்கிவிட்டுப் போட்டிருந்தார்கள். அவர் அதில் கண்ணை அகலத் திறந்தபடி படுத்திருந்தார்.

"இங்க இன்னும் தூக்கம் வராதுங்களே," என்றேன். "படம் நாளைக்குத்தான் கையெழுத்தாகும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேலதான்."

"தெரியும்மா. இங்கதான் ஜன்னல் காத்து. அவன் நீட்டற காலு எங்க வரைக்கும் வரும்னு தெரியலை. அதான் முன்கூட்டியே வந்து இடம் பிடிச்சேன். ரெண்டு நாள் தூங்காம இருக்கறது எனக்கு என்ன புதுசா?"

வாசலில் ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் கட்டிலின் கால்பக்கப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நாளை, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கோட்டை வரைய வேண்டும். வரிசையின் வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலை வரை, இரண்டரை மில்லிமீட்டர், மையில். காய்ந்தபின் மூன்று இடத்தில் அளந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் தலைவியின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும்.